தண்டனை உறைக்காத மூளை

ஒரு கொலைச் செய்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. நண்பர்கள் நாலைந்து பேர் இருந்தோம். "இவனுங்களுக்கெல்லாம் மூளையே வேறங்க, ஸ்கேன் எடுத்தாலே தெரிஞ்சிடும், திருத்தவே முடியாது, ஆயுசு முழுக்க உள்ளேயே கிடக்கட்டும்" என்றார் ஒருவர். வழக்கறிஞராக இருக்கும் இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "மூளையே அப்படின்னா அவன் என்ன பண்ணுவான்? நியாயமா தண்டனையைக் குறைக்கணும்ல?" என்று கேட்டார். அதற்கப்புறம் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. எனக்குத்தான் அதை விட்டு நகர முடியவில்லை. இருவரும் ஒரே ஸ்கேனைக் காட்டித்தான் ஒருவர் தண்டனையைக் கூட்டுகிறார், மற்றவர் குறைக்கிறார். ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை: கோளாறு மூளையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. இந்த இடம்தான் உறுத்தியது. மூளையில் இல்லாமல் வேறெங்கே இருக்கும்? ஒரு மொழி கற்றுக்கொண்டாலும் மூளை மாறத்தானே செய்கிறது? அன்றிலிருந்து, இப்படி "மூளையே வேறு" என்று சொல்லப்படும் சைக்கோபாத்களைப் பற்றிக் கையில் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க அந்த இரண்டு நண்பர்களுடைய நிலையும் எனக்கு ஒத்துவராமல் போனது.

சைக்கோபாத் என்றால் யார் என்று இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. குரல்கள் கேட்பது, மாயத்தோற்றங்கள் தெரிவது போன்றவற்றோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. நிதானம் தப்பாது, பேச்சு இனிக்கும், குற்ற உணர்ச்சி இருக்காது, அடுத்தவர் வலி தொடாது. கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய அளவுகோலில் 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண் வரை, மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30ஐத் தொட்டால் சைக்கோபாத் என்பார்கள். மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம் என்றும் சிறைகளில் 15 முதல் 25 சதவீதம் என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆக, பெரும்பாலோர் கொலைகாரர்கள் அல்ல. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.

ஸ்கேன் என்ன சொல்கிறது

ஸ்கேன் எல்லாம் வருவதற்கு முன்பே ஹேர் ஒரு எளிய சோதனை செய்தார், 1965இல். எண்கள் வரிசையாக வரும், குறிப்பிட்ட ஒரு எண் வந்ததும் மின்சார அதிர்ச்சி. அந்த எண் நெருங்க நெருங்க எல்லோருக்கும் உள்ளங்கை வியர்க்கும். சைக்கோபாத்களுக்கு அந்த வியர்வை மிகக் குறைவாக இருந்தது. அதிர்ச்சி வரப்போகிறது என்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் அந்தத் தெரிதல் உடம்புக்குள் இறங்கவில்லை. மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலாவுக்கும் பயத்துக்கும் தொடர்பு இருப்பது தெளிவானபோது, சந்தேகம் நேராக அங்கே போனது. ஜேம்ஸ் பிளேர் போன்றவர்கள் அதை ஒரு கோட்பாடாகவே கட்டினார்கள்: இன்னொருவர் முகத்தில் தெரியும் பயமும் துயரமும் சாதாரணக் குழந்தையை அதே இடத்தில் நிறுத்திவிடும், அந்தத் தடுப்பு இவர்களிடம் வேலை செய்வதில்லை. கென்ட் கீல் என்பவர் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை ஒரு டிரெய்லரில் ஏற்றி அமெரிக்காவின் நியூ மெக்சிகோ சிறைகளுக்கே கொண்டுபோய் ஏராளமான கைதிகளை ஸ்கேன் செய்தார். அமிக்டலாவும், கண்ணுக்கு மேலே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியும், இரண்டையும் இணைக்கும் நரம்புப் பாதையும் இவர்களிடம் சராசரியாகப் பலவீனமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் வந்தன.

"சராசரியாக" என்ற அந்தச் சொல்லைத்தான் செய்திகள் விழுங்கிவிடுகின்றன. ஐம்பது பேரை ஐம்பது பேரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஒரு தனி மனிதனின் படத்தை எடுத்துவைத்து இவன் சைக்கோபாத் என்று சொல்ல இன்று யாராலும் முடியாது. குழு அளவிலேயே கூட இந்தக் கதை ஆடத் தொடங்கிவிட்டது: 2020இல் ஃபிலிப் டெமிங்கும் மைக்கேல் கோனிக்ஸும் அதுவரை வந்த மூளைச் செயல்பாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, எல்லோரும் எதிர்பார்த்த அமிக்டலா வித்தியாசம் சீராக வரவே இல்லை. ஜேம்ஸ் ஃபாலன் கதையையும் எல்லோரும் சொல்வார்கள். கொலையாளிகளின் ஸ்கேன்களைப் பார்த்துக்கொண்டிருந்த கலிஃபோர்னியா நரம்பியலாளர், 2005இல் தன் குடும்பத்தாரின் ஸ்கேன்களுக்கு நடுவே ஒரு "சைக்கோபாத் மூளை"யைக் கண்டார், யாருடையது என்று பார்த்தால் அவருடையதே. தனக்குக் கிடைத்த அன்பான குழந்தைப் பருவம்தான் தன்னைக் காப்பாற்றியது என்பது அவர் சொன்ன விளக்கம். இருக்கலாம். தனி ஆளின் ஸ்கேனைப் பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஓர் அரிய மரபணு நோயால் இரு பக்க அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு பெண்ணை நரம்பியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பாம்பைக் கண்டாலும் பயமில்லை, கத்தியைக் காட்டி மிரட்டினாலும் பயமில்லை. ஆனால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை, யாரையும் துன்புறுத்தவில்லை. பயம் இல்லாமல் போவதும் இரக்கம் இல்லாமல் போவதும் ஒன்றல்ல என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

கேட்டால் வருகிற இரக்கம்

நான் படித்தவற்றில் என்னை அப்படியே நிறுத்தியது நெதர்லாந்தின் குரோனிங்கனில் நடந்த ஓர் ஆய்வு. 2013இல் வெளியானது. ஹார்மா மெஃபர்ட், வலேரியா கசோலா, கிறிஸ்டியன் கைசர்ஸ் முதலியோர் செய்தது. சைக்கோபாத் என்று உறுதிசெய்யப்பட்ட 18 குற்றவாளிகள், ஒப்பீட்டுக்கு 26 சாதாரண ஆட்கள். ஸ்கேனருக்குள் படுக்கவைத்துச் சின்னச் சின்ன வீடியோக்கள் காட்டினார்கள். இரண்டு கைகள் மட்டும் தெரியும். ஒரு கை இன்னொரு கையை அன்பாகத் தடவும், அல்லது அடிக்கும், அல்லது ஒதுக்கித் தள்ளும். முகம் இல்லை, கதை இல்லை. பிறகு பங்கேற்றவர்களின் கைகளையே தடவியும் அடித்தும் தள்ளியும், அந்த உணர்வு மூளையில் எங்கே பதிகிறது என்பதையும் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் அடிபடுவதைப் பார்க்கும்போது, நமக்கு அடிபட்டால் வேலை செய்யும் பகுதிகளில் சில நமக்குள் தானாகவே கொஞ்சம் உயிர்பெறும். கைதிகளிடம் இந்தத் தானியங்கிப் பதில் மிகவும் மங்கலாக இருந்தது. இதுவரை யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

இதில் நடுவே இன்னொரு சுற்றும் இருந்தது. அதே வீடியோக்கள்தான், ஆனால் போடுவதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள்: இந்தக் கைகளுக்கு என்ன உணர்வு இருக்கும் என்று நீங்களும் சேர்ந்து உணர முயற்சி செய்யுங்கள். அவ்வளவுதான், மருந்தோ பயிற்சியோ இல்லை. கைதிகளின் மூளையில் பதில் எழுந்தது, இரு குழுக்களுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் பெருமளவு சுருங்கியது. உள்ளே கருவி இருக்கிறது. நம் வீட்டு ரேடியோ எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது, அணைக்கத்தான் நாம் சிரமப்பட வேண்டும். அவர்களுடையது அணைந்தே கிடக்கிறது, யாராவது போடச் சொன்னால் போடுகிறார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு வந்தது நம்பிக்கை அல்ல, எரிச்சல். முடியாதவன் என்று நினைத்து மன்னித்துவிடலாம் என்றிருந்த ஒருவன் திடீரென்று "முடியும், ஆனா பண்ணல" என்ற கட்டத்துக்கு வந்து நிற்கிறான். நினைத்தால் உணர முடிகிற ஒருவன், உங்களைக் கவரும்போது அதைப் போட்டுக்கொள்வான், உங்களை அழிக்கும்போது அணைத்துக்கொள்வான். அவர்களுடைய வசீகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் நான் படித்ததில்லை. ஆனால் கொஞ்ச நாள் ஆறப்போட்டு மறுபடி யோசித்தபோது கேள்வி வேறு விதமாகத் தெரிந்தது. யாரும் சொல்லாமலே இரக்கம் தானாக எழுவது நமக்கு ஏதோ சாதனையா என்ன? நாம் அதற்காக ஒன்றும் செய்யவில்லை. தானாக வராத ஒருவனுக்கு ஒவ்வொரு முறையும் தானே முயன்று போட்டுக்கொள்ள ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை யார், எப்படிக் கொடுப்பது? சிகிச்சை என்ற பேச்சு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

நம்பிக்கை செத்த கதை

இவர்களைத் திருத்த முடியாது என்ற எண்ணத்துக்கு ஒரு பிறந்த இடம் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் பெனடாங்குவிஷீனில் இருந்த ஓக் ரிட்ஜ் என்ற உச்சப் பாதுகாப்பு மனநல மருத்துவமனை. 1960களில் எலியட் பார்க்கர் என்ற மனநல மருத்துவர் அங்கே ஒரு துணிச்சலான சோதனை தொடங்கினார். நோயாளிகளை நோயாளிகளே குணப்படுத்துவார்கள் என்பது கோட்பாடு. நிர்வாணமாக, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் நாள்கணக்கில் அடைத்துவைத்து, எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் உள்ளிட்ட மருந்துகளைக் கொடுத்து, ஒருவர் மனதை ஒருவர் உடைக்கச் செய்தார்கள். உணவு கூடச் சுவரிலிருந்து நீளும் குழாய்கள் வழியாகத்தான். பின்னர் மார்னி ரைஸ், கிராண்ட் ஹாரிஸ் முதலியோர் வெளியே போனவர்களைத் தொடர்ந்து பார்த்து 1992இல் எழுதினார்கள். சைக்கோபாத் அல்லாதவர்களிடம் மறுபடி வன்முறையில் இறங்குவது குறைந்திருந்தது. சைக்கோபாத்களிடமோ கூடியிருந்தது: சிகிச்சை பெறாதவர்களில் பாதிக்குச் சற்று மேல், பெற்றவர்களில் நான்கில் மூன்றுக்கு மேல்.

அன்றிலிருந்து "சிகிச்சை கொடுத்தால் இன்னும் கெட்டுப்போவார்கள், பிறர் மனதைப் படிக்க நாமே சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும்" என்பது பாடப்புத்தக வாசகம் மாதிரி ஆகிவிட்டது. அங்கே நடந்ததைச் சிகிச்சை என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை. அந்த அறையில் நீங்களோ நானோ இருந்திருந்தால் நமக்கும் நல்லது நடந்திருக்காது. ஆனாலும் ஒரு தலைமுறை மருத்துவர்கள் இந்த ஒரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

மூளை அறிவியல் உள்ளே வந்ததில் உண்மையான லாபம் இங்கேதான் என்று நினைக்கிறேன். வண்ண வண்ணப் படங்களை விட, இவர்கள் எதிலிருந்து கற்கிறார்கள், எதிலிருந்து கற்பதில்லை என்ற கேள்விதான் பெரிது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலச் சிறைகளில் உளவியலாளர் ஜோசப் நியூமன் நடத்திய சீட்டு விளையாட்டு ஒன்று. ஆரம்பத்தில் கிட்டத்தட்ட எல்லாச் சீட்டும் பணம் தரும், போகப் போக ஜெயிக்கும் வாய்ப்பு படிப்படியாகக் குறைந்து கடைசியில் தோல்வி மட்டும்தான். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் ஒரு கட்டத்தில் எழுந்துவிடுகிறார்கள், சைக்கோபாத்கள் கையிலிருப்பதெல்லாம் கரையும் வரை ஆடுகிறார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் பிறகு ஐந்து விநாடி கட்டாயமாகக் காத்திருக்க வைத்து, வரவு செலவைக் கண்ணெதிரே காட்டினால் இவர்களும் நேரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்! நியூமன் இதிலிருந்து சொன்னது, இது பயமின்மையை விடக் கவனத்தின் குறுகல் என்று. ஒரு இலக்கைப் பிடித்துவிட்டால் ஓரத்தில் வரும் எச்சரிக்கை எதுவும் உள்ளே நுழைவதில்லை. அவர் வழியில் வந்த ஏரியல் பாஸ்கின்-சோமர்ஸ் 2015இல் கைதிகளுக்கு ஆறு வாரம் கணினியில் கவனப் பயிற்சி கொடுத்தார், ஓரத்துக் குறிப்புகளைக் கவனித்தால்தான் வெல்ல முடியும் என்ற மாதிரி. பழகாத சில வேலைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. அது வெளியே வந்தபின் குற்றத்தைக் குறைக்குமா என்பது வேறு கேள்வி, அந்த ஆய்வு அவ்வளவு தூரம் போகவில்லை.

குழந்தைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் டேவிட் ஹாவ்ஸும் மார்க் டாட்ஸும் 2005இல் 4 முதல் 8 வயதுப் பையன்களின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல நடத்தைக்குப் பாராட்டும் பரிசும் கொடுக்கும் பகுதி எல்லாக் குழந்தைகளிடமும் வேலை செய்தது. தப்பு செய்தால் தனியே உட்காரவைக்கும் பகுதி, இரக்கமில்லாத சுபாவம் காட்டிய பையன்களிடம் அவ்வளவாக எடுபடவில்லை. அவர்கள் அதற்காகப் பெரிதாக வருந்தவும் இல்லை, உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். தண்டனை பயத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்த வழி குறுகலாக இருக்கிற குழந்தையிடம் நாம் என்ன செய்கிறோம்? உறைக்கவில்லையே என்று தண்டனையை ஏற்றுகிறோம். அவன் இன்னும் மரத்துப்போகிறான். நாம் இன்னும் ஏற்றுகிறோம்.

இதெல்லாம் பரம்பரை இல்லையா என்று கேட்கலாம். பெரும்பகுதி ஆமாம். எஸ்ஸி வைடிங் 2005இல் பிரிட்டனின் ஏழு வயது இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், இரக்கமில்லாத சுபாவத்தோடு சேர்ந்து வரும் முரட்டுத்தனத்தில் மரபணுவின் பங்கு சுமார் 80 சதவீதம், அந்தச் சுபாவம் இல்லாத முரட்டுத்தனத்தில் 30 சதவீதம்தான். ஆனால் லூக் ஹைட் முதலியோர் 2016இல் தத்துக்கொடுக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்தார்கள். பெற்ற தாயிடம் கடுமையான சமூகவிரோத நடத்தை இருந்தால், அவரோடு பழகாமலே வளர்ந்த குழந்தையிடமும் இந்தச் சுபாவம் எட்டிப்பார்த்தது. வளர்த்த தாய் பாராட்டும் அரவணைப்பும் தாராளமாகக் கொடுத்த வீடுகளில் அந்தத் தொடர்பு அறுந்தது. அதற்காக, குழந்தை இப்படி ஆனால் தாய் சரியில்லை என்று யாரும் திருப்பிவிட வேண்டாம். இப்படிப்பட்ட குழந்தையிடம் அரவணைப்பைத் தொடர்வது சாதாரண வேலை அல்ல, திரும்பி ஒன்றும் வராது.

மெண்டோட்டா

விஸ்கான்சினின் மேடிசன் நகரில் 1995இல் தொடங்கிய மெண்டோட்டா சிறார் சிகிச்சை மையத்துக்கு வருபவர்கள், சிறார் சிறைகளே "எங்களால் ஆகாது" என்று அனுப்பியவர்கள். அங்கே வேலை பார்த்த மைக்கேல் கால்டுவெல், கிரெக் வான் ரைப்ரோக் இருவரும் கவனித்த சுழல் மேலே சொன்ன அதேதான், பெரிய அளவில்: பையன் எதிர்க்கிறான், தண்டனை ஏறுகிறது, அவன் இழக்க ஒன்றுமில்லாத நிலைக்குப் போகிறான், பிறகு எதிர்ப்பது ஒன்றுதான் அவனிடம் மிச்சம். அங்கே தண்டனையைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு, இன்றைய நடத்தைக்கு மதிப்பெண் போட்டு நாளைய சலுகைகளை அதை வைத்து முடிவு செய்தார்கள். நாளைக்கு மறுபடி புதிதாகத் தொடங்கலாம். பழைய கணக்கு கிடையாது. தினமும், மாதக்கணக்கில். குற்ற உணர்ச்சியை வரவழைக்க யாரும் முயலவில்லை, அழவைக்கவில்லை. நல்லபடி நடந்தால் உனக்கு லாபம் என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

248 பையன்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். வெளியே போன நாலரை ஆண்டுகளில், மதிப்பீட்டுக்கு மட்டும் வந்துவிட்டு வழக்கமான சிறைக்குத் திரும்பிய பையன்கள் 16 பேரைக் கொன்றிருந்தார்கள். மெண்டோட்டாவில் சிகிச்சை முடித்தவர்கள் ஒருவரையும் கொல்லவில்லை. அவர்கள் உத்தமர்களாகிவிடவில்லை, மறுபடி கைதானவர்கள் நிறைய. ஆனால் பெரிய வன்முறை குறைந்தது. செலவுக் கணக்கில் 1 டாலருக்கு 7 டாலருக்கு மேல் மிச்சம்.

வழக்கறிஞர் நண்பரிடம் இதைச் சொன்னபோது, "ஆக, கொலை பண்ணத் துணிஞ்சவனுக்குச் சாக்லேட் கொடுக்கச் சொல்றீங்க" என்றார். ஆமாம், கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறேன். என் வயிறு அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. பாதிக்கப்பட்டவரின் வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் நம் கோபத்துக்கு எது நிறைவு தருகிறதோ அதுதான் இந்த மூளையிடம் மிகக் குறைவாக வேலை செய்கிறது, கைகூசும் விஷயம்தான் வேலை செய்கிறது. நீதிபதிகளும் இதே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் 181 மாநில நீதிபதிகளிடம் ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்தார்கள், குற்றவாளி சைக்கோபாத். அதற்கு மூளை சார்ந்த காரணத்தையும் விளக்கியபோது தண்டனை சராசரியாக 14 ஆண்டுகளிலிருந்து சுமார் ஓராண்டு குறைந்தது, ஆனால் அதே தகவலை எதிர்காலத்தில் ஆபத்து என்ற வாதமாகவும் பலர் பார்த்தார்கள். நிஜ வழக்கில், 2009இல் இல்லினாய்ஸில் பிரையன் டூகன் என்ற கொலையாளிக்காகக் கென்ட் கீல் ஸ்கேன் சாட்சியம் சொன்னார். ஜூரி மரண தண்டனையே கொடுத்தது. நான் ஜூரியில் இருந்திருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்து மனம் மாறியிருக்க மாட்டேன், அதைப் பார்க்காமலே மரண தண்டனைக்கு எதிராகத்தான் வாக்களித்திருப்பேன்.

வளர்ந்தவர்களுக்கு என்ன வழி என்றால், சைக்கோபதிக்கென்று ஒரு மருந்து இன்னும் இல்லை. மூளைக்கு மெல்லிய மின்னோட்டம் கொடுக்கும் சோதனைகள் நடக்கின்றன. 2018இல் ஒன்றில், தாக்கும் எண்ணம் குறைந்ததாக வந்தது, ஆனால் அதில் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமான சாதாரண ஆட்கள். அதை வைத்துத் தலைப்புச் செய்தி எழுதுபவர்களை நம்ப வேண்டாம். மெண்டோட்டாவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை: யார் எந்தக் குழுவில் என்பதைக் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கவில்லை, ஆய்வை எழுதியவர்கள் அங்கேயே வேலை பார்த்தவர்கள். வேறு ஒரு நாட்டில், வேறு ஆட்கள், குலுக்கல் முறையில் இதையே செய்து பார்த்திருந்தால் நான் நண்பரிடம் இன்னும் தைரியமாகப் பேசியிருப்பேன். 16க்கு 0 என்ற ஒரு முடிவு புதிய புற்றுநோய் மருந்துக்கு வந்திருந்தால் இந்நேரம் பத்து நாடுகளில் அதைச் சரிபார்த்திருப்பார்கள். இங்கே அந்த அவசரம் யாருக்கும் இல்லை. நோயாளி மீது நமக்குப் பிரியம் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.